இரண்டாம் கணினியில் பிரேமாவதி நலமாக இருக்கிறார்

வட வட்டாரச் சிறுநீரக உதவி வாரியத்தின் சேவை ஒரு வினாடிகூட நின்றதில்லை. சுங்கை பட்டாணியில் இருக்கும் அதன் அலுவலக வாசலில் பித்தளை எழுத்தில் அப்படித்தான் பொறித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே கண்ணாடிக் கதவில் 'இன்று சேவை இல்லை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருளப்பன் இரண்டையும் படித்தார். மேலே இருப்பது பித்தளை, கீழே இருப்பது மார்க்கர் பேனா. ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையில் மார்க்கர் பேனா பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் கரங்கானிலிருந்து வந்துவிட்ட தூரத்தை நினைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் ஒரு தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். மனைவி பிரேமாவதி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஒரு வருடத்துக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி கூலிமில் ஓர் அறநிலைய மையத்தில் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். செலவு வாரியத்துடையது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அனுமதிக் கடிதத்தைப் புதுப்பித்தால் போதும். கையிலிருந்த கடிதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று திங்கள்.

மூன்றாம் கவுண்டரில் ஷாமளா என்ற இளம்பெண் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாம்மா, சிஸ்டம் டவுனா?"

"டவுன்னு சொல்லக்கூடாதுண்ணே. சர்க்குலர் வந்திருக்கு. ஆனா வேலை செய்யல."

அவள் பொறுமையாக விளக்கினாள். உள்ளே ஓர் அறையில் ஒரே மாதிரி இரண்டு கணினிகள் இருக்கின்றன. எல்லா வேலையும் முதலாவதுதான் செய்யும். இரண்டாவது பக்கத்தில் சும்மா இருக்கும். முதலாவது வினாடிக்கு ஒரு தடவை 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று இரண்டாவதிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றுவிட்டால், ஆள் போய்விட்டது என்று புரிந்துகொண்டு இரண்டாவது உடனே வேலையைக் கையில் எடுக்கும். கவுண்டரில் நிற்பவருக்கு மாறினதே தெரியாது.

"செகண்ட் டிரைவர் மாதிரி," என்றார் இருளப்பன். "ஒருத்தன் மயங்கிட்டா மத்தவன் ஸ்டேரிங்கப் பிடிக்கிறது."

"அதேதாண்ணே!"

"அப்புறம் ஏன் பிடிக்கல?"

"மயங்கினவன் வாய் மட்டும் மூடலை லா. சனிக்கிழமையிலேருந்து ஒரு வேலையும் செய்யல. ஆனா 'இருக்கேன், இருக்கேன்'னு மட்டும் கரெக்டா சொல்லிக்கிட்டு இருக்கு. அதனால ரெண்டாவது அசையாம நிக்குது."

யாராவது கையால் மாற்றிவிடலாமே என்று இருளப்பன் கேட்டார். அதற்கென்று ஒரு பிரிவே இருப்பதாகச் சொல்லி ஷாமளா அவரை மாடிக்கு அனுப்பினாள்.

தடையிலாத் தொடர்ச்சிப் பிரிவின் தலைவர் காளிதாசன். அவர் அறைச் சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அதிகாரிகள் ஒருவர் நாற்காலியிலிருந்து மற்றவர் நாற்காலிக்கு மாறிக்கொண்டிருக்க, சுற்றி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அது வருடாந்தர மாற்று ஒத்திகை என்று காளிதாசன் விளக்கினார். உண்மையான கணினிகளை மாற்றிப் பார்த்தால் சேவை தடைபட்டுவிடும். அதனால் அதிகாரிகளே மாறிப் பார்ப்பார்கள். ஆறு வருடமாக ஒரு தடவைகூடத் தவறு நேர்ந்ததில்லை.

"துவான், அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்யலன்னு கவுண்டர்ல சொல்றாங்க."

"வேலை செய்யலங்கிறது ஒரு கருத்து," என்றார் காளிதாசன். "அது தன்னைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். 'இருக்கேன்'னு சொல்லுது. இருக்கேன்னு சொல்றவரப் பார்த்து, வேலை செய்யலன்னு காரணம் காட்டி, நீ இல்லன்னு சொல்ல ஆரம்பிச்சா, அது எங்க போய் நிக்கும்? இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் மிஞ்சுவோம்?"

அதற்கு வழி இல்லாமலும் இல்லை. செயலிழப்பு உறுதிப் படிவம் ஒன்று இருந்தது. அதை நிரப்பி அனுப்பினால் கையால் மாற்றலாம்.

"அனுப்பிடுங்களேன் துவான்."

"அனுப்பலாம். சிஸ்டம் வழியாத்தான் அனுப்பணும்."

இருளப்பன் செவ்வாய் வந்தார், புதன் வந்தார். வியாழக்கிழமை அந்த அறையின் குளிர்சாதனப் பெட்டி ஒழுகி முதல் கணினியின் தலையில் தண்ணீர் சொட்டியது. அது வாயை மூடியது. பதினொரு வினாடியில் இரண்டாவது வேலையை எடுத்துக்கொண்டது. மின்சாரமோ மனிதனோ வருடக்கணக்காகச் செய்யாத வேலையைத் தண்ணீர் செய்துவிட்டது. வாரியத்தின் இயக்குநர் டத்தோ யோகேந்திரன் கீழே இறங்கி வந்து எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டார்கள். இருளப்பன் கையிலும் ஒரு பொட்டலம் வந்தது. அவர் அதை வைத்துக்கொண்டே ஷாமளாவிடம் பிரேமாவதியின் ஐசி அடையாள அட்டை எண்ணைச் சொன்னார்.

ஷாமளா தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"அண்ணே, அக்கா பேரு இல்ல."

"ரெண்டு தடவ லெட்டர் கொடுத்திருக்கீங்களேம்மா, இதோ."

அவள் எழுந்து மாடிக்கு ஓடினாள். காளிதாசனே இறங்கி வந்து பார்த்தார். விஷயம் இதுதான்: முதலாவதில் பதிவாகும் ஒவ்வொன்றும் இரண்டாவதிலும் நகலாக வேண்டும். இல்லாவிட்டால் மாற்றாள் ஓட்டுவதற்குச் சாவி இருக்கும், வழி தெரியாது. அந்த நகலெடுப்பு பதினான்கு மாதத்துக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. கணினி அதை மறைக்கவில்லை. தினமும் ஒரு மின்னஞ்சலாக, நானூற்று இருபது மின்னஞ்சல்களில் அது எச்சரித்திருந்தது. அவையெல்லாம் பெர்லிசுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியின் பெட்டிக்குப் போயிருந்தன. ஒருவருடைய பெட்டியை இன்னொருவர் திறப்பது வாரியத்தின் நன்னெறிக் கோட்பாட்டுக்கு விரோதம்.

"ஆகவே இப்ப இருக்கிற பதிவின்படி," காளிதாசன் திரையைப் பார்த்தபடி சொன்னார், "உங்க மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்ல. வாழ்த்துகள்."

"துவான், அவளுக்கு ரெண்டும் போச்சு."

"முன்னாடி இருந்த பதிவுல போச்சு. இப்ப சேவையில் இருக்கிறது இது."

புதிதாகப் பதியலாம் என்றார்கள். ஒரு நோட்டில் பதிந்தார்கள்; முறை வந்த பிறகுதான் பெயர் கணினிக்குள் போகும். புதிய நோயாளிகளின் காத்திருப்பு வரிசையில் பிரேமாவதிக்கு நூற்று முப்பத்தோராவது இடம் கிடைத்தது. முன்னால் நின்ற நூற்று முப்பது பேரில் பெரும்பாலோர் இவளைப் போலவே இரண்டாவது கணினியில் சுகமாகிவிட்டவர்கள்.

விஷயத்தைச் சொன்னபோது பிரேமாவதி சிரித்தாள். "கம்ப்யூட்டர்ல எனக்கு எத்தனை வயசுன்னு பார்த்தீங்களா? அதுவும் குறைஞ்சிருக்கும்." பிறகு கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள்.

கூலிம் மையத்தின் தலைமைத் தாதி உமாராணி நல்லவள். கடிதம் முடிந்த பிறகும் ஒரு திங்கட்கிழமை கண்ணை மூடிக்கொண்டு அவளை இயந்திரத்தில் ஏற்றினாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு பெயருக்கு. யார் எப்போது உட்கார்ந்தார் என்று மையம் வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். "என் கையில எதுவும் இல்லக்கா," என்று பிரேமாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பரஞ்சோதி. பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். உத்தரவு போட்டே பழகிய குரல். அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலையில் உமாராணிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"இன்னிக்கு நான் வரல. அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாணம். என் நாற்காலியைச் சும்மா போட்டு வைக்காதே. அந்தப் பிள்ளையை உட்காரவை."

"ஐயா, நீங்க ஒரு தடவகூட விடக்கூடாது."

"கல்யாணத்துக்குப் போக ஒரு மனுஷனுக்கு ஆசை இருக்காதா?"

அடுத்த புதன் பினாங்கில் ஒரு காதுகுத்து. அதற்கடுத்த புதன் சிடாம் கிரியில் புதுமனை புகுவிழா. ஒவ்வொரு புதனும் பரஞ்சோதியின் பெயரில் பிரேமாவதி உட்கார்ந்தாள். உமாராணி 'பரஞ்சோதி, வருகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று தடவை வேண்டிய உடம்பு ஒரு தடவையில் ஓடியது. பிரேமாவதி தண்ணீரைத் தேக்கரண்டியில் அளந்து குடித்தாள், வாழைப்பழத்தைப் பார்ப்பதை விட்டாள்.

இருளப்பன் ஒரு நாள் பரஞ்சோதி வீட்டுக்கே போனார். கிராணி முன்னறையில் வீங்கின முகத்தோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அன்று புதன்கிழமை.

"ஐயா, இது சரியில்ல. உங்க உயிரு."

"உட்காரு. உன் அப்பனை மழையில நிக்கவச்சுப் பேரு கூப்பிட்டிருக்கேன் நான். இப்ப நீ நின்னுக்கிட்டே பேசாதே." சற்று நேரம் மூச்சு வாங்கினார். "நாலு மணி நேரம் அந்தக் கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்க எனக்குப் பிடிக்கலப்பா. அவ்வளவுதான். பெரிசா எடுத்துக்காதே."

இருளப்பனுக்கு அவர் காலைத் தொட வேண்டும்போல் இருந்தது. அதைத் தடுக்கிற ஒரு பார்வை கிராணியிடம் இருந்தது. பாலில்லாத தே ஓ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இதற்கிடையில் வாரியத்தில் முதல் கணினியைப் பழுதுபார்த்துவிட்டார்கள். விழித்தெழுந்த அதற்குத் தான் செத்துப்போன விஷயம் தெரியாது. யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை. அது பழையபடி தான்தான் தலைமை என்று வேலையை ஆரம்பித்தது. இரண்டாவதும் விட்டுக்கொடுக்கவில்லை. இரட்டை எண் கவுண்டர்கள் முதலாவதோடும், ஒற்றை எண் கவுண்டர்கள் இரண்டாவதோடும் சேர்ந்துகொண்டன. நான்காம் கவுண்டரில் பிரேமாவதி இரண்டு சிறுநீரகமும் இழந்த நோயாளி. மூன்றாம் கவுண்டரில் பூரண சுகம். நடுவில் ஒரு பூந்தொட்டிதான்.

இருளப்பன் பூந்தொட்டியைத் தாண்டினார். நான்காம் கவுண்டரில் ஐந்து நிமிடத்தில் அனுமதிக் கடிதம் அச்சாகிக் கையில் வந்தது. லாரியை அன்று ஓட்டிய வேகத்தில் அவர் அதற்கு முன் ஓட்டியதே இல்லை. உமாராணி கடிதத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். பிறகு விதிப்படி அதன் எண்ணை வாரியத்தின் இணையத்தில் சரிபார்த்தாள். வெளியிலிருந்து கேட்கும் கேள்விக்கு இரண்டாவது கணினி பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 'அப்படி ஒரு நோயாளி இல்லை.' அவள் இரண்டு நாளில் முப்பது தடவை முயன்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை முதலாவது குறுக்கே புகுந்து 'உண்டு, உடனே சிகிச்சை அளிக்கவும்' என்றது. ஞாயிறு மையத்துக்கு விடுமுறை. திங்கட்கிழமை பதில் மறுபடி 'இல்லை' ஆகிவிட்டது.

ஏழாவது வாரம் பரஞ்சோதி இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் போக வேண்டிய கல்யாணம் எந்த ஊரில் என்று அவர் உமாராணியிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. காடு வரைக்கும் இருளப்பன் போனார். பிரேமாவதி அவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே நுழைய மாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நான் எந்த முகத்தோட போய் அவரைப் பார்க்கிறது?" என்றாள். அவருடைய நாற்காலி, காத்திருப்பு வரிசையில் முதலாவதாக நின்றவருக்குப் போனது. பிரேமாவதி நூற்று முப்பதாவது ஆனாள்.

அந்த வெள்ளிக்கிழமை வாரியம் மக்கள் சந்திப்பு ஒன்று நடத்தியது. பாதிக்கப்பட்டவர்களும் மையத்துத் தாதிகளும் வந்திருந்தார்கள். டத்தோ யோகேந்திரன் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இரண்டு கணினிகளும் தான்தான் தலைமை என்று சொல்வதைச் சிலர் குழப்பம் என்கிறார்கள். நான் அதைத் தலைமைப் பண்பு என்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தோம். முதல் கணினியில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது நோயாளிகள். இரண்டாவதில் ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு. நோயைக் குறைப்பதுதான் இந்த வாரியத்தின் இலட்சியம். எனவே குழு ஒருமனதாக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு மாத்திரைகூட இல்லாமல் நோயிலிருந்து விடுவித்திருக்கிறோம். அதுமட்டுமல்ல. கடந்த பதினான்கு மாதத்தில் காலமானவர்கள் பலர் இரண்டாவது கணினியில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு வாரியம் மக்களுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?"

முன்வரிசை கைதட்டியது. இருளப்பன் எழுந்தார்.

"துவான், என் சம்சாரம் பிரேமாவதி. அவளுக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. கம்ப்யூட்டர விடுங்க. ஒரு டாக்டர அனுப்பிப் பாருங்க."

டத்தோ கோபப்படவில்லை. காளிதாசனிடமிருந்து ஒரு தாளை வாங்கிப் படித்தார். "இரண்டு சிறுநீரகமும் இல்லாதவர் டயாலிசிஸ் இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்? மருத்துவர்களைக் கேட்டேன். இரண்டு வாரம் என்கிறார்கள். உங்கள் மனைவிக்கு ஏழு வாரமாக எந்த மையத்திலும் டயாலிசிஸ் நடக்கவில்லை. எல்லா மையத்துக் கணக்கும் என்னிடம் இருக்கிறது. அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கா, துவான்."

"அப்புறம்?"

இருளப்பன் வாயைத் திறந்தார். ஆறு புதன்கிழமைகளும் அவர் நாக்கு நுனிக்கு வந்தன. கடைசி வரிசையில் உமாராணி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் வேலை போகும், தாதிப் பதிவும் போகும், போலீஸும் வரும். அவள் மெல்ல நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் போனாள். சொல்லிவிடத்தான் எழுகிறாள் என்று இருளப்பனுக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல துவான்," என்றார் அவசரமாக. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். உமாராணி பாதி எழுந்தவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிவதற்குள் நலமடைந்தோர் சான்றிதழ் கொடுத்தார்கள். பிரேமாவதியின் சார்பில் இருளப்பன் வாங்கிக்கொண்டார். கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட பிறகு டத்தோ அவர் காதருகே, "வீட்டில் அவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உடம்புதான் முக்கியம்," என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

அடுத்த வியாழன் முற்பகலில் பிரேமாவதியால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல் தோன்றி எழுந்து உட்கார்ந்தாள். உதடு நீலமாகிவிட்டது. இருளப்பன் அவளைக் காரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஓர் இளம் டாக்டர் எந்தத் திரையையும் பார்க்கவில்லை. முதுகில் கருவியை வைத்துக் கேட்டாள். "நுரையீரல் முழுக்கத் தண்ணி," என்றாள். அரைமணி நேரத்தில் இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பிரேமாவதி கண்ணைத் திறந்து, "பசிக்குது," என்றாள். இருளப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், எங்ககிட்ட இருக்கிறது நாலு மெஷின்தான். நிரந்தர இடம் கொடுக்க முடியாது. எமர்ஜென்சின்னா மட்டும் ஏத்துவோம்."

"எப்பம்மா கூட்டிட்டு வரணும்?"

"இது மாதிரி ஆனா வாங்க."

"அதுக்கு முன்னாடி வந்தா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "முன்னாடி வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க அங்கிள். படுக்க முடியுதுன்னா எமர்ஜென்சி இல்ல. ஆனா ரொம்ப லேட்டாவும் வந்துடாதீங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் இருளப்பன் லாரிக்குப் போகவில்லை. ஐசி, துண்டு, மாற்றுச் சேலை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுப் படுக்கைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரேமாவதியின் கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது.

"மூச்சு எப்படி இருக்கு?"

"வாங்குது. ஆனா படுக்க முடியுதுங்க." ஏதோ தவறு செய்துவிட்டவளைப் போலச் சொன்னாள்.

"தலையணைய எடுத்துட்டுப் படுத்துப் பாரு."

அவள் இரண்டு தலையணைகளையும் எடுத்துக் கீழே போட்டாள். மல்லாந்து படுத்து, கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். இருளப்பன் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது.

"முடியுதா?"

"இன்னும் முடியுது," என்றாள் பிரேமாவதி. "இன்னிக்குச் சேர்த்துக்க மாட்டாங்க. நீங்க வேலைக்குப் போங்க. நாளைக்குப் பார்ப்போம்."